வாசகர் கேள்வி – பதில்: எல்லையோரப் பிள்ளைகளின் படிப்பும் பிழைப்பும்

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்து கேரள எல்லையோரத்தில் வாழும் குடும்பங்களின் படிப்பு, வேலை ஆகியவை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பாலக்காடு மாவட்டம் கஞ்சிக்கோட்டில் ஒரு தொண்டு அமைப்பில் களப்பயிற்சி பெற்றுவரும் சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி இந்த இதழில் பதிலளிக்கிறார். கேட்டவர்களின் பெயர்களை அவர்களுடைய நலன் கருதி வெளியிடவில்லை.

தேநீர்க் கடை உரிமையாளர், கஞ்சிக்கோடு: என் கடைக்குப் பின்னால் உள்ள வரிசை வீடுகளில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் கார்த்திகையில் குடியேறியது. கணவனும் மனைவியும் ஹாலோ பிளாக் களத்தில் வேலை செய்கிறார்கள். ஒன்பது வயது மகனும் நாள் முழுக்க அந்தக் களத்திலேயே நிற்கிறான். டி.சி. இல்லாமல் சேர்க்க முடியாது என்றும், கல்வியாண்டில் பாதி முடிந்துவிட்டது என்றும் ஒரு பள்ளியில் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அவன் அடுத்த ஜூன் வரை காத்திருக்கத்தான் வேண்டுமா, சகோதரி?

காத்திருக்க வேண்டியதில்லை, ஐயா. காத்திருந்தால் அவனுக்கு அந்த ஜூன் இங்கே வரப்போவதும் இல்லை. மேற்கு ஒடிசாவிலிருந்து இப்படி வருகிற குடும்பங்கள் நுவாகாய் என்னும் புத்தரிசித் திருநாளை ஊரில் கொண்டாடிவிட்டு, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புறப்பட்டு, மழைக்கு முன்பாக வைகாசியில் திரும்பிவிடுவதே வழக்கம். கேரளத்தில் பள்ளி திறக்கும்போது அவன் ஊரில் இருப்பான். ஊரில் பள்ளி நடக்கும்போது அவன் இங்கே களத்தில் நிற்பான். இரண்டு மாநிலங்களின் வருகைப் பதிவேட்டிலும் பெயர் தேய்ந்து, மூன்றாம் ஆண்டில் இரண்டிலிருந்தும் நீங்கிவிடுவான்.

2009இல் நிறைவேற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் இந்த நிலையை எண்ணிப் பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளை ஒரு பள்ளியிலிருந்து மற்றொன்றுக்கு, வேறு மாநிலத்துக்கே ஆனாலும், மாறிச் செல்லும் உரிமையை அதன் 5ஆம் பிரிவு தருகிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. சேர்க்கைக் காலம் முடிந்த பிறகு வந்தாலும் மறுக்கக் கூடாது என்கிறது 15ஆம் பிரிவு. வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்தை ஈடுசெய்யச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு; அந்தப் பயிற்சி மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை நீளலாம் என்று விதிகள் கூறுகின்றன. ஒன்பது வயதுப் பையனை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கச் சம்மதிக்காதீர்கள். தன்னைவிட மிகச் சிறிய பிள்ளைகளோடு உட்காரும் கூச்சத்தாலேயே படிப்பை விட்டுவிட்ட பிள்ளைகளை இங்கே பார்த்திருக்கிறேன்.

சட்டத்தைப் படித்துக் காட்டித் தலைமையாசிரியரை மடக்குவது நம் நோக்கமாக இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்களுக்கும் ஓர் உண்மையான சிக்கல் இருக்கிறது. இப்போது ஒவ்வொரு மாணவருக்கும் நிரந்தரக் கல்வி எண் ஒன்று உண்டு. பள்ளிகளில் அதைப் பென் நம்பர் என்கிறார்கள். பழைய பள்ளி தன் கணக்கிலிருந்து பிள்ளையை விடுவித்து, டிராப்பாக்ஸ் என்று அவர்கள் சொல்லும் பொதுப் பட்டியலுக்கு அனுப்பினால்தான் புதிய பள்ளி அவனைத் தன் கணக்கில் இழுத்துக்கொள்ள முடியும். அந்த வேலையைச் செய்ய வேண்டியவர் ஒடிசாவில் இருக்கிறார். இங்குள்ள ஆசிரியருக்கு அவருடைய மொழியும் தெரியாது, தொலைபேசி எண்ணும் தெரியாது. ஆகவே, பையனின் தந்தையிடம் ஊர்ப் பள்ளியின் பெயர், வட்டாரம், மாவட்டம், கடைசியாகப் படித்த வகுப்பு ஆகியவற்றைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும் உறவினர் ஒருவர் அந்தப் பள்ளிக்கு நேரில் சென்று, தலைமையாசிரியரின் கைப்பேசியிலிருந்தே இங்குள்ள பள்ளிக்குப் பேச வைத்தால், பல வாரம் இழுக்கக்கூடிய காரியம் விரைவில் முடிந்துவிடும். நானும் என்னைப் போன்ற பயிற்சி மாணவர்களும் பெரும்பாலும் செய்வது இந்த இரண்டு தொலைபேசிகளுக்கு நடுவே நிற்பதைத்தான். அதற்குள் பையன் வகுப்பில் உட்காரலாம். சட்டப்படி அதற்குத் தடையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் வைகாசியில் திரும்பும்போது, இங்கு அவன் படித்ததற்கான சான்றிதழைக் கையோடு வாங்கிச் செல்லும்படி நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும். வேலை முடிந்ததும் ரயிலேறும் அவசரத்தில் அதை விட்டுவிடுகிறார்கள். இங்கே படித்த அத்தனை மாதமும் ஊரில் கணக்குக்கு வராமல் போய்விடுகிறது. இந்தப் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது என்பதையும் மனத்தில் வையுங்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் சான்றிதழ் இல்லாமல் நகர முடியாது. பெண் பிள்ளைகள் அதிகமாக நழுவுவதும் அந்த இடத்தில்தான்.

தோட்டத் தொழிலாளி, மூணாறு: என் மகள் தமிழ் வழியில் படித்து, இப்போது பிளஸ் ஒன் வகுப்பில் முதல் வரிசையில் இருக்கிறாள். நாங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள். என் மாமனார் காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கங்காணி மூலம் மலைக்கு வந்தவர்கள். சாதிச் சான்றிதழ் கேட்டால், 1950க்கு முன்பே இங்கே இருந்ததற்கு ஆதாரம் கொண்டு வரச் சொல்கிறார்கள். மூன்று தலைமுறை இந்த லயத்து வரிசை வீட்டில் வாழ்ந்த பிறகும் நாங்கள் வெளியூர்க்காரர்களா, மகளே?

அம்மா, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீங்கள் வெளியூர்க்காரர் அல்லர். ஆனால் சட்டம் ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொண்டு கேட்கிறது. அந்தக் கேள்விக்கு நாம் காகிதத்தால்தான் பதில் சொல்ல முடியும்.

பட்டியல் சாதிகள் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியானது. அன்று ஒரு குடும்பத்தின் நிலையான வசிப்பிடம் எந்த மாநிலத்தில் இருந்ததோ, அந்த மாநிலத்தின் பட்டியலே அவர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் பொருந்தும் என்பதுதான் நடைமுறை. பிழைப்புக்காக வேறு மாநிலம் சென்றவர் அங்கே இட ஒதுக்கீடு கோர முடியாது என்று, ஆந்திரத்திலிருந்து மகாராட்டிரம் சென்ற குடும்பத்தின் மகன் மருத்துவக் கல்லூரி இடம் கேட்டுத் தொடுத்த வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் மாமனாரோ அவருடைய தந்தையோ மலைக்கு எப்போது வந்தார் என்பதைப் பொறுத்து உங்கள் முன்னே இரண்டு வழிகள் இருக்கின்றன.

1950 ஆகஸ்டுக்கு முன்பே வந்திருந்தால், உங்கள் மகளுக்குக் கேரளத்துச் சான்றிதழ் பெறும் உரிமை முழுமையாக உண்டு. ஆதாரம் இல்லை என்று மனம் தளர்ந்துவிட வேண்டாம்; அது பெரும்பாலும் வீட்டில் இருக்காது, வேறு இடங்களில் இருக்கும். எஸ்டேட் அலுவலகத்தின் பழைய தொழிலாளர் பதிவேடு, பிரசவத்துக்குச் சேர்ந்த தோட்ட மருத்துவமனையின் ஏடு, மாமனாரோ அவருடைய உடன்பிறந்தவர்களோ படித்த எஸ்டேட் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். இவற்றுள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடே மிக வலுவானது என்பேன். ஏனெனில் அதில் பிறந்த ஆண்டு, தந்தையின் பெயர், சாதி மூன்றும் ஒரே வரியில் இருக்கும். கொழுந்து எடுக்கும் நாளில் ஒரு நாள் கூலியை இழந்து நீங்கள் அலுவலகம் அலுவலகமாக அலைய முடியாது என்பதை நான் அறிவேன். பழைய ஏட்டைத் தேடி, உரிய பக்கத்தின் சான்றளித்த நகலை எழுத்து மூலம் விண்ணப்பித்துப் பெறுவது ஒரு பயிற்சி மாணவர் உங்களுக்காகச் செய்யத் தகுந்த வேலை. உங்கள் பகுதியில் களப்பயிற்சிக்கு யார் வந்தாலும் தயங்காமல் கேளுங்கள்.

1950க்குப் பிறகு வந்திருந்தால், உங்கள் கணவருக்குச் சொந்த ஊர்த் தாலுகா அலுவலகத்திலிருந்து சான்றிதழ் பெற வேண்டும். தந்தை பெற்ற அந்தச் சான்றிதழின் அடிப்படையில், இடம்பெயர்ந்தவரின் பிள்ளை என்னும் குறிப்போடு மகளுக்கு இங்குள்ள அதிகாரியே சான்றிதழ் தரலாம் என்று மத்திய அரசு 1982இலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. அந்தச் சான்றிதழ் கேரள அரசின் ஒதுக்கீட்டைப் பெற்றுத் தராது. ஆனால் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் மத்திய அரசு வேலைகளுக்கும் செல்லும். காசர்கோட்டிலும் திருவாரூரிலும் மத்தியப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. இவற்றில் இளங்கலைச் சேர்க்கை 2022 முதல் பொது நுழைவுத் தேர்வின் வழியாக நடைபெறுகிறது. அதற்கான விண்ணப்பம் பிளஸ் டூ தேர்வு முடிவதற்கு முன்பே வந்துவிடும் என்பதால், இந்த வேலையை முடிவு வந்த பிறகு தொடங்கினால் பயனில்லை. உங்கள் மகள் இன்னும் பிளஸ் ஒன்னில் இருப்பது பெரிய வாய்ப்பு. இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள்.

எந்த அலுவலகத்தில் மறுத்தாலும், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்ன ‘இல்லை’ என்பதை எடுத்துக்கொண்டு எந்த மேலதிகாரியிடமும் முறையிட முடியாது.

வாசகர், வாளையாறு: எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளே இத்தனை சிரமப்படும்போது, உங்களைப் போன்றவர்கள் பீகார், ஒடிசாப் பிள்ளைகளுக்காக நேரத்தைச் செலவிடுவது சரியா?

உங்கள் ஆதங்கத்தில் உள்ள உண்மையை நான் மறுக்கவில்லை. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் வரையப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் பகுதித் தமிழர்கள் இருந்த இடத்திலேயே புதிய கேரள மாநிலத்தின் மொழிச் சிறுபான்மையினர் ஆனார்கள். தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்னும் அரசியலமைப்பின் 350அ பிரிவு அந்த ஆண்டில்தான் சேர்க்கப்பட்டது. அந்தப் பிரிவு தரும் பாதுகாப்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு முழுமையாகப் பெற்றுத்தரும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.

ஆனாலும் ஒரு பிள்ளைக்கான நேரம் மற்றொரு பிள்ளையிடமிருந்து பறிக்கப்படுகிறது என்பதை நான் ஏற்கவில்லை. மேலே எழுதிய மூணாற்று அம்மாவும் கஞ்சிக்கோட்டு ஒடிசாச் சிறுவனும் ஒரே காரணத்தால்தான் தடுக்கப்படுகிறார்கள்: பழைய ஊரில் இருக்கும் காகிதம் புதிய ஊரில் கேட்கப்படுகிறது. ஒடிசாப் பள்ளியிலிருந்து சான்றிதழ் வரவழைக்கக் கற்றுக்கொண்ட ஆசிரியருக்குத் தருமபுரியிலிருந்து வந்த பிள்ளைக்கும் அதைச் செய்யத் தெரிந்துவிடும். கேரளத்தில் உள்ள வெளிமாநிலத் தொழிலாளர் 25 லட்சம் பேர் இருக்கலாம் என்று திருவனந்தபுரத்தின் குலாத்தி நிதி, வரியியல் நிறுவனம் 2013இல் மதிப்பிட்டது. நம் பெற்றோரும் பாட்டனாரும் மலைக்கும், ஆலைக்கும், கடல் கடந்தும் போன வழியில் இன்று வேறு மொழி பேசுகிறவர்கள் வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ள என்னால் முடியாது, ஐயா.

இரும்பாலைத் தொழிலாளி, வயது 22, சொந்த ஊர் திருவண்ணாமலை மாவட்டம்: ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்டேன். பணிமுறை மாறி மாறி வரும். இனிமேல் பத்தாம் வகுப்பு எழுத முடியுமா, அக்கா?

தாராளமாக முடியும், தம்பி. உங்களுக்கு இரண்டு வழிகள் பொருந்தும். ஒன்று, தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 14 வயது நிறைந்த எவரும் சேரலாம், தமிழிலேயே எழுதலாம், ஐந்து பாடங்கள் போதும், ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு நடைபெறும், ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொரு பாடமாகவும் முடித்துக்கொள்ளலாம். மற்றொன்று, கேரள மாநில எழுத்தறிவு இயக்கம் நடத்தும் பத்தாம் வகுப்புச் சமநிலைத் தேர்வு. 17 வயது நிறைந்து, ஏழாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். வகுப்புகள் விடுமுறை நாள்களில் நடைபெறும்.

ஆலை மாறினால் ஊரும் மாற நேரும் என்று தோன்றினால் முதல் வழியைத் தேர்ந்தெடுங்கள். அது எந்த மாநிலத்துக்குப் போனாலும் உங்களோடு வரும். இங்கேயே நிலைத்திருப்பீர்களானால் இரண்டாவது நல்லது. வாரந்தோறும் ஓர் ஆசிரியர் முகத்தைப் பார்ப்பது, தனியே படிக்கிறவருக்குப் பெரிய துணை. இரவுப் பணி முடிந்து படிக்க முயலாதீர்கள். முற்பகல் பணி வரும் வாரங்களைப் படிப்புக்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள். தொழில்திறனுக்கு மட்டும் சான்றிதழ் தருகிறோம் என்று சொல்லும் குறுகிய பயிற்சிகள் பல உண்டு. அவை பயனுள்ளவையே என்றாலும் பத்தாம் வகுப்புக்கு ஈடாகா. மேற்பார்வையாளர் பணிக்கோ பட்டயப் படிப்புக்கோ போகும்போது முதலில் கேட்பது பத்தாம் வகுப்பைத்தான்.

வாசகி, கொழிஞ்சாம்பாறை: உடுமலையில் பிறந்து, தமிழில் பி.ஏ., பி.எட். முடித்து, திருமணமாகி இங்கே வந்தேன். கேரளத்தில் ஆசிரியையாக முடியுமா?

முடியும், ஆனால் இடங்கள் குறைவு, காத்திருப்பு நீளம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேரள அரசுத் தேர்வாணையம் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர் பணிக்குத் தனியாக அறிவிப்பு வெளியிடுகிறது. அதற்கு உங்கள் பட்டங்களுக்குக் கேரளப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணைச் சான்று, அதாவது இங்குள்ள பட்டத்துக்கு ஈடானது என்னும் சான்று, தேவைப்படலாம். கே-டெட் என்னும் கேரள ஆசிரியர் தகுதித் தேர்வில் மூன்றாம் பிரிவை எழுத வேண்டும். தமிழ்நாட்டின் தகுதித் தேர்வு இங்கே போதாது. தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். பட்டம் தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டதால், அந்தப் பணிக்கு டி.எல்.எட். என்னும் தொடக்கக் கல்விப் பட்டயம் வேண்டும். தமிழ்நாட்டில் பெற்ற பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழை நம்பி இங்கே ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்காதீர்கள். தேர்வாணையத்தின் துளசி என்னும் இணையப் பக்கத்தில் ஒருமுறைப் பதிவை இன்றே செய்துவிடுங்கள்; அறிவிப்பு வந்த பிறகு பதிவு செய்ய ஓடினால் ஏதேனும் ஒரு சான்று குறைந்து நிற்கும்.

வாசகசாலைப் பொறுப்பாளர், சித்தூர் தாலுகா: எங்கள் வாசகசாலையைச் சுற்றி நிறைய வெளியூர்க் குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு சமூகப்பணி மாணவர் வந்தால் என்ன செய்வார்? அவரால் உண்மையில் பயன் உண்டா? எப்படி அழைப்பது?

இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி 1936இல் பம்பாயில் தொடங்கியது. அன்றிலிருந்தே களப்பயிற்சி இந்தப் படிப்பின் முக்கியப் பகுதியாக இருந்துவருகிறது. பெரும்பாலான கல்லூரிகளில் வாரத்துக்கு இரண்டு நாள் மாணவர் களத்தில் இருப்பார். அவருக்குக் கல்லூரியில் ஒருவரும் களத்தில் ஒருவருமாக இரண்டு வழிகாட்டிகள் உண்டு. என்ன செய்தார் என்பதை எழுதிக் காட்ட வேண்டும்.

அவரிடம் பணம் இராது, அதிகாரமும் இராது. அவரிடம் இருப்பது நேரம். அலுவலகத்தில் வரிசையில் நிற்கவும், மலையாளத்தில் வந்த படிவத்தை வாசித்துச் சொல்லவும், ஒரு தாயோடு வங்கிக்குப் போய்க் கூட உட்காரவும் அந்த நேரத்தைச் செலவிடலாம். ஊக்கமூட்டும் உரை நிகழ்த்த அவரை அழைக்காதீர்கள் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். கஞ்சிக்கோட்டில் நான் சந்தித்த பெற்றோர்களில் பிள்ளை படிக்க வேண்டாம் என்று நினைத்த ஒருவரையும் கண்டதில்லை. எந்த மாதத்தில் எந்த அலுவலகத்தில் எந்தத் தாளைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல அவர்களுக்கு ஆள் இல்லை. அதனால்தான் பிள்ளைகளின் படிப்பு நிற்கிறது.

உங்கள் பகுதியில் இருக்கும் பிள்ளைகளின் பெயர், வயது, கடைசியாகப் படித்த பள்ளி, பெற்றோர் திரும்பும் மாதம் ஆகியவற்றைக் கொண்ட ஒரு நோட்டு, அவர் வந்ததும் தொடங்க வேண்டிய முதல் வேலை. அந்த நோட்டைச் சுவரில் தொங்கவிடாதீர்கள். ஒரு குடும்பத்தின் சாதியும் வருமானமும் அடுத்த வீட்டுக்குத் தெரிய வேண்டியதில்லை. அசல் சான்றிதழ் எதையும் மாணவரோ நீங்களோ ஓர் இரவுகூட வாங்கி வைக்க வேண்டாம். நகல் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒப்பந்தக்காரர்கள் பலர் ஆதார் அட்டையையே வாங்கி வைத்துக்கொள்ளும் ஊரில், காகிதத்தைக் கையில் வாங்கும் எவர்மீதும் அந்த மக்களுக்கு அச்சம் இருப்பது நியாயமே. பதினான்கு வயது நிறையாத பிள்ளை வேலையில் இருப்பது தெரிந்தால், மாணவருக்காகக் காத்திராமல் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

புதிய கல்வியாண்டு தொடங்கும்போதே களப்பயிற்சி இடங்களை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆகவே மே மாதத்துக்குள், பாலக்காட்டிலோ கோவையிலோ சமூகப்பணித் துறை உள்ள கல்லூரியின் துறைத் தலைவருக்கு வாசகசாலையின் பெயரில் கடிதம் எழுதுங்கள். எத்தனை குடும்பங்கள், எந்தெந்த மொழி பேசுகிறவர்கள், மாணவர் உட்கார்ந்து பேச ஓர் அறை கிடைக்குமா, உங்கள் தரப்பில் அவருக்குப் பொறுப்பாக இருக்கப் போகிறவர் யார் என்பவற்றைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். ஒடியாவோ வங்காளியோ பேசத் தெரிந்த தொழிலாளி ஒருவர் மாலை நேரத்தில் உடன் வரச் சம்மதித்தால், அதையும் கட்டாயம் எழுதுங்கள். அப்படி ஓர் ஆள் இருக்கும் இடத்துக்கு மாணவரை அனுப்பத் துறைகள் தயங்குவதில்லை.